சோலைவரி கூடிட்டுது எண்டு எழுதாதேங்கோ, எங்க பிழை எண்டு எழுதுங்கோ

கேள்வி:

ஐயா வணக்கம். வெள்ளவத்தையில காலி வீதிக்கும் மரைன் ட்ரைவுக்கும் இடையில ஒரு லேன்ல எங்கட வீடு. எட்டு பேர்ச்சஸ், ரெண்டு தட்டு. அப்பா 1981ல கட்டினது, அப்பா இப்ப இல்லை, அம்மாவும் நானும் என்ர ரெண்டு பிள்ளையளும் இருக்கிறம். மேல் தட்டில அண்ணா ரியூசன் குடுத்தவர், 2020ல கொரோனாவோட நிப்பாட்டிட்டு கனடா போயிட்டார். போன கிழமைக்கு முதல் கிழமை மாநகர சபையின்ர சோலைவரி (வீட்டு வரி) மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தது. முந்தி வருடாந்தப் பெறுமதி 42,000, இப்ப 240,000 எண்டு போட்டு மேல் தட்டை வியாபார இடம் எண்டும் குறிச்சிருக்கு. பார்க்க வந்த அண்டைக்கு வீட்டில ஒருத்தரும் இல்லை. பக்கத்து வீடும் எங்கட அளவுதான், அவைக்கு 165,000 தானாம். அம்மாவின்ர பென்சனில இவ்வளவு கட்ட ஏலாது. கட்டாமல் விட்டா என்ன செய்வினம்? பில் இப்பவும் அப்பாவின்ர பேரிலதான் வருது, அதாலயும் பிரச்சினை வருமோ? வீட்டுப் போட்டோவும் அனுப்பியிருக்கிறன்.

— வெள்ளவத்தை வாசகி

பதில்:

தங்கச்சி, வணக்கம். மற்றதெல்லாம் பேந்து கதைப்பம், முதல்ல நோட்டீஸ் கையில கிடைச்ச திகதியைக் கண்டுபிடியுங்கோ. "போன கிழமைக்கு முதல் கிழமை" எண்டால் அரை மாசம் போயிட்டுது. ஆட்சேபனையை எழுத்தில குடுக்க நோட்டீஸ் கிடைச்ச நாளில இருந்து ஒரு மாசம்தான் தவணை, அந்த விசயம் நோட்டீஸிலயே இருக்கும், வாசிச்சுப் பாருங்கோ. தபாலில வந்திருந்தா அந்த என்வலப்பை எறிஞ்சிடாதேங்கோ, அதில இருக்கிற சீல்தான் பிறகு உங்களுக்குச் சாட்சி. எனக்குக் கடிதம் எழுதிப் பதில் வரும் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிற ஆக்கள்தான் கூட, அதுக்குள்ள மாசம் முடிஞ்சிடும், அதுக்குப் பிறகு எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவைத் தட்டிக்கொண்டு நிக்க வேண்டியதுதான்.

இனி விசயத்துக்கு வருவம். உங்கட கடிதத்தில நாலு காரணம் சொல்லியிருக்கிறீங்கள், பென்சனில கட்ட ஏலாது, ஒரேயடியா இவ்வளவு கூடிட்டுது, பக்கத்து வீட்டுக்குக் குறைவு, ரியூசன் இப்ப இல்லை. இதில முதல் ரெண்டும் மனுசருக்கு விளங்கும், ஆனா மதிப்பீட்டு விசாரணையில செல்லாது. கடைசி ரெண்டும்தான் உங்கட பலம். பெரும்பாலான ஆக்கள் முதல் ரெண்டையும் ரெண்டு பக்கத்துக்கு அழுது எழுதிப்போட்டு மிச்சத்தை ஒரு வரியில முடிச்சிடுவினம், நீங்கள் அதைத் தலைகீழாச் செய்யுங்கோ.

ஏன் எண்டு சொல்லுறன். 1947ஆம் ஆண்டு 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில வருடாந்தப் பெறுமதி எண்டது வீட்டின்ர விலையும் இல்லை, நீங்கள் கட்டுற வரியும் இல்லை. அந்த வீட்டை ஒருத்தர் வாடகைக்கு எடுத்தா, நல்ல வருசம் கெட்ட வருசம் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து, வருசத்துக்கு நியாயமா எவ்வளவு வாடகை குடுப்பார் எண்ட கணக்கு அது. வரியெல்லாம் வாடகைக்காரர் கட்டுவார், திருத்த வேலை வீட்டுக்காரர் செய்வார் எண்ட எடுகோளில போடுறது. அந்தத் தொகையில இத்தனை வீதம் எண்டு சபை அறவிடுறதுதான் சோலைவரி. குடியிருக்கிற வீட்டுக்கு ஒரு வீதம், வியாபார இடத்துக்கு அதைவிடக் கூடின வீதம். ஆகவே நீங்கள் எதிர்க்கிறது 240,000 எண்ட அந்த இலக்கத்தையும் "வியாபாரம்" எண்ட அந்தப் பெயரையும்தான், வீதத்தை இல்லை, வீதம் சபை தீர்மானிச்சு ஊர் முழுக்கப் போடுறது, அதை ஒரு வீட்டு ஆட்சேபனையில அசைக்க ஏலாது.

இப்ப நான் சொல்லப்போறது உங்களுக்குப் பிடிக்காது. "எங்கட வீட்டுக்கு இவ்வளவு வாடகை வராது" எண்டு மட்டும் எழுதிடாதேங்கோ. 240,000ஐ பன்னிரண்டால பிரிச்சுப் பாருங்கோ, மாசம் 20,000. வெள்ளவத்தையில ரெண்டு தட்டு வீட்டை மாசம் 20,000க்கு ஆர் தருவினம்? ஒரு அறையும் பாத்ரூமும் உள்ள அனெக்ஸே அந்தக் காசுக்குக் கிடைக்காது. விசாரணையில இருக்கிற ஆள் சிரிச்சுப்போட்டு, "அப்ப நானே எடுக்கிறன், எப்ப வரலாம்?" எண்டு கேட்டா உங்களிட்ட பதில் இல்லை. கொழும்பில பழைய பெறுமதிகள் கன வருசமா உண்மையான வாடகைக்குக் கிட்டவும் இல்லாமல் கிடந்தது, உங்கட 42,000 எண்டா மாசம் 3,500 எல்லோ, அந்தப் பழைய இலக்கத்தைப் பிடிச்சுத் தொங்கினா நீங்களே உங்கட வாயால வம்பை வாங்கினதாப் போயிடும். 42,000க்குத் திரும்பப் போறது எண்ட ஆசையை விடுங்கோ. 165,000க்கோ அதுக்குக் கிட்டவோ கொண்டு வாறது, மேல் தட்டை வீட்டு வகைக்கு மாத்துறது, இந்த ரெண்டும் நடக்கக்கூடிய காரியம்.

முதல்ல அந்த வியாபாரக் கதை. நீங்கள் அனுப்பின போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தன். கேற்றுக்கு வலது பக்கத்தில நீலப் போட் ஒண்டு, பெயின்ற் பாதி உரிஞ்சு, "ஓ.எல், ஏ.எல் மெத்ஸ்" எண்டு இன்னும் வடிவா வாசிக்கலாம், கீழ ஒரு போன் நம்பரும் கிடக்கு. மற்றப் போட்டோவில மேல் ஜன்னலால வாங்குகள் ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கின மாதிரித் தெரியுது, பின்னால வெள்ளைப் போட். வீட்டில ஒருத்தரும் இல்லாத நேரத்தில றோட்டில நிண்டு பார்க்கிற ஆள் வேற என்னத்தை எழுதுவார்? நானா இருந்தாலும் வகுப்பு நடக்குது எண்டுதான் எழுதுவன். அந்தப் போட்டை உடன கழட்டுங்கோ. வாங்குகளை ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் குடுங்கோ இல்லாட்டி வித்துப்போடுங்கோ. பிள்ளையள் மேலதான் படுக்கிறவை எண்டா அந்த அறைகளைக் கட்டில், அலுமாரியோட திகதி விழுற மாதிரிப் போட்டோ எடுங்கோ. உண்மையிலயே வகுப்பு நிண்டுட்டுது எண்ட படியாத்தான் இதைச் சொல்லுறன். பின்னேரத்தில ஒண்டு ரெண்டு பிள்ளையளுக்கு இப்பவும் ஆரும் படிப்பிச்சா அதை மறைச்சு எழுதாதேங்கோ, திரும்பப் பார்க்க வருவினம்.

சாட்சிக்குப் பெருசா ஒண்டும் தேடத் தேவையில்லை. கரண்ட் பில்லில என்ன கட்டண வகை எண்டு போட்டிருக்கும், வீட்டுப் பாவனை எண்டு இருந்தா அது நல்ல சாட்சி, தண்ணி பில்லும் அப்பிடித்தான். ஆனா முதல்ல நீங்கள் பாருங்கோ, அண்ணா ரியூசன் நடத்தின காலத்தில மேல் தட்டுக்குத் தனி மீற்றர் போட்டு அது வேற வகையில கிடந்தா, அந்த பில்லைக் கொண்டுபோய் நீட்டினா உங்கட வழக்கை நீங்களே தோற்கடிச்ச மாதிரி. அப்பிடி இருந்தா வகையை மாத்த விண்ணப்பிச்சுப்போட்டு அந்த விண்ணப்பக் கொப்பியை வையுங்கோ. அண்ணா வகுப்பை வியாபாரமாப் பதிஞ்சு வைச்சிருந்தவரோ? அப்பிடியெண்டா அதை நிப்பாட்டின கடுதாசியும் வேணும். கிராம சேவகரிட்ட இந்த விலாசத்தில இத்தனை பேர் குடியிருக்கினம் எண்டு ஒரு அத்தாட்சி எடுங்கோ, வாக்காளர் இடாப்பில உங்கட பேரும் அம்மாவின்ர பேரும் இருக்கிற பக்கத்தையும் சேருங்கோ.

அடுத்தது அளவு, இதில ஆக்கள் கவனமே எடுக்கிறதில்லை. ஆள் உள்ளுக்கு வரேல்லை எண்டால் எத்தனை சதுர அடி எண்டு எப்பிடிப் போட்டவை? உங்கட போட்டோவில பின் பக்க மொட்டை மாடிக்குச் சீற் போட்டு உடுப்பு காயவிட்டிருக்கு. வெளியால பார்த்தா அதுவும் ஒரு அறை மாதிரித்தான் தெரியும். மூண்டு பக்கமும் சுவர் இல்லாத, வெறும் சீற் போட்ட இடத்தையும் அறையாக் கணக்கெடுத்திருந்தா பெறுமதி சும்மா ஏறும். அப்பா கட்டினப்போ சபை அனுமதிச்ச பிளான் வீட்டில எங்கயோ கிடக்கும், காணி உறுதியோட ஒரே ஃபைலில தேடிப் பாருங்கோ. டேப் பிடிச்சு ஒவ்வொரு தட்டையும் நீங்களே அளவுங்கோ, வெளிச்சுவர் அளவு தனிய, அறைகளின்ர உள்ளளவு தனிய, மூடின இடம் எவ்வளவு, திறந்த இடம் எவ்வளவு எண்டு ஒரு தாளில வடிவாக் கீறி எழுதுங்கோ, சர்வேயர் வேண்டாம். பிறகு அவை எந்த அளவை வைச்சுக் கணக்குப் போட்டவை எண்டு கேளுங்கோ. வாயால கேட்டு அவை சொல்லேல்லை எண்டால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில எழுதிக் கேட்கலாம், சபையில அதுக்கெண்டே தகவல் அலுவலர் இருப்பார், 14 வேலை நாளுக்குள்ள தாறமோ இல்லையோ எண்டு முடிவு சொல்ல வேணும். ஆனா அந்தப் பதில் வரும் மட்டும் ஆட்சேபனையைப் பிடிச்சு வைச்சிருக்க வேண்டாம், 14 வேலை நாள் எண்டா கலண்டரில மூண்டு கிழமை, உங்கட மாசம் அதுக்கு முதல் முடிஞ்சிடும்.

வீட்டின்ர நிலைமையையும் எழுதுங்கோ. கடல் காத்துப் படுற வீடு, நாப்பது வருசத்துக்கு மேல, சிலாப்பில கம்பி துருப்பிடிச்சு கொங்கிரீட் உரிஞ்சு விழுற இடம் இருந்தா அதைக் கிட்டத்தில போட்டோ எடுங்கோ. லேன் எத்தனை அடி, கார் உள்ளுக்கு வந்து திரும்ப ஏலுமோ, கராஜ் இருக்கோ, மழைக்கு வாசலில தண்ணி நிக்குமோ. இதெல்லாம் வாடகைக்கு வாறவர் பார்க்கிற விசயம், வாடகைக்காரர் பார்க்கிறதெல்லாம் மதிப்பீட்டுக்கும் பொருந்தும். மரைன் ட்ரைவ் பக்கம் இருக்கிற கட்டடங்களோட உங்கட லேன் வீட்டை ஒப்பிட்டிருந்தா அதையும் சொல்லலாம், அந்த றோட்டு முகப்பும் உள் லேனும் ஒண்டில்லை.

பக்கத்து வீட்டுக் கதையில கொஞ்சம் நிதானம் வேணும். 165,000 "தானாம்" எண்டு எழுதியிருக்கிறீங்கள், ஆர் சொன்னது? அவை எந்த வருசப் பெறுமதியைச் சொன்னவை? அவைக்குப் புது நோட்டீஸ் இன்னும் வராமல் பழைய இலக்கத்தைச் சொல்லியிருந்தா உங்கட வாதம் அதோட முடிஞ்சுது. சபை ஒரு மதிப்பீட்டுப் புத்தகம் வைச்சிருக்க வேணும், ஒவ்வொரு இலக்கத்துக்கும் பெறுமதி அதில பதிஞ்சிருக்கும், அதை வரி கட்டுற ஆக்கள் போய்ப் பார்க்கலாம். ரவுன் ஹோலுக்குப் போய் (விகாரமகாதேவி பூங்காவுக்கு முன்னால அந்த வெள்ளைக் கட்டடம்தான்) உங்கட லேனில ஒரு நாலைஞ்சு வீட்டைப் பார்த்துக் குறிச்சு வாங்கோ, ஒரே ஒரு வீட்டை மட்டும் காட்டினா அது விதிவிலக்கு எண்டு சொல்லிடுவினம். இன்னொண்டு, "அவைக்குக் குறைவு" எண்டு எழுதினா உங்கடது குறையும் எண்டு ஒரு சட்டமும் இல்லை, அவையின்ரதைத் திரும்பப் பார்த்துக் கூட்டவும் ஏலும். பேந்து மதிலுக்கு மேலால ஆரும் உங்களோட முகம் குடுத்துக் கதைக்க மாட்டினம். அதால "இன்ன இலக்கம் ரெண்டு தட்டு, இத்தனை சதுர அடி, இவ்வளவு பெறுமதி, எங்கடதும் அதே மாதிரியானது" எண்டு ஒப்பீடா எழுதுங்கோ, அவைக்குப் பிழையாப் போட்டிருக்கு எண்ட மாதிரி எழுதாதேங்கோ.

கடிதம் தமிழிலயே எழுதலாம். சிங்களத்தில எழுத ஆள் தேடி அலையத் தேவையில்லை, அரசியலமைப்பின்ர 22ஆம் உறுப்புரையில அந்த உரிமை இருக்கு. கெதியா ஃபைல் நகர வேணும் எண்டால் சிங்கள இல்லாட்டி இங்கிலீஷ் கொப்பி ஒண்டு கூட வையுங்கோ, அது உங்கட விருப்பம். மாநகர ஆணையாளருக்கு விலாசமிட்டு, இப்பிடி எழுதினாப் போதும்:

"மேற்படி மதிப்பீட்டு இலக்கமுடைய எமது வீட்டிற்கு விதிக்கப்பட்ட 240,000 ரூபா வருடாந்தப் பெறுமதிக்குப் பின்வரும் காரணங்களால் ஆட்சேபனை தெரிவிக்கிறேன். மேல் தளம் 2020ஆம் ஆண்டிலிருந்து முழுமையாகக் குடியிருப்பாகவே பாவிக்கப்படுகிறது, அங்கு எந்த வியாபாரமும் இல்லை. கூரை மட்டும் இடப்பட்ட திறந்த மொட்டை மாடி அறையாகக் கணிக்கப்பட்டிருக்குமாயின் அது தவறாகும். கட்டடத்தின் பழமையும் பழுதும் கவனத்தில் எடுக்கப்படவில்லை. இதே வீதியில் ஒத்த அளவும் ஒத்த தன்மையும் கொண்ட வீடுகளின் பெறுமதியிலும் இது கூடியது. வீட்டை உள்ளே வந்து பரிசோதித்து, குடியிருப்பு வகையில் 165,000 ரூபாவிற்கு மேற்படாத பெறுமதி விதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நீங்கள் கேட்கிற தொகையை எழுதுறதுதான் முக்கியம். "குறைச்சுத் தரவும்" எண்டு மொட்டையா எழுதினா ஆயிரம் ரூபா குறைச்சாலும் குறைச்சதுதான். புத்தகத்தைப் பார்த்த பிறகு 165,000 எண்டதை சரியான இலக்கத்துக்கு மாத்துங்கோ. கையில குடுக்கிறதெண்டா உங்கட கொப்பியில திகதி சீல் குத்தி வாங்குங்கோ, இல்லாட்டி பதிவுத் தபாலில போட்டு ரசீதை வையுங்கோ. வெளியில நிண்டு "நான் கதைச்சுக் குறைச்சுத் தாறன், இவ்வளவு தாங்கோ" எண்டு வாற ஆக்களிட்ட மாட்டுப்படாதேங்கோ, நீங்கள் குடுக்கிற காசு எங்க போகுது எண்டும் தெரியாது, நாளைக்கு லஞ்சக் கேஸ் எண்டா உங்கட பேரும் வரும்.

எல்லாக் காரணத்தையும் இந்த முதல் கடிதத்திலயே போடுங்கோ, ஒண்டையும் "பிறகு சொல்லுவம்" எண்டு மிச்சம் வைக்காதேங்கோ. சபையின்ர முடிவு உங்களுக்குச் சரிவராட்டி, அந்த முடிவு அறிவிச்ச நாளில இருந்து 30 நாளுக்குள்ள அந்த மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்ர 236ஆம் பிரிவில மாவட்ட நீதிமன்றத்தில வழக்குப் போடலாம். அங்க போனா, எழுத்து ஆட்சேபனையில சொல்லாத காரணத்துக்குச் சாட்சி கூட்ட விடமாட்டினம். மொட்டை மாடிக் கதையை நீங்கள் முதல்ல எழுதேல்லை எண்டால், எவ்வளவு கெட்டிக்காரச் சட்டத்தரணியைப் பிடிச்சாலும் அவரால அங்க அதை எடுக்க ஏலாது.

கோர்ட்டுக்குப் போறது பெறுமோ எண்டதையும் கணக்குப் பார்த்துத்தான் போக வேணும். விளங்கிறதுக்காக வரி 20 வீதம் எண்டு வைப்பம், நீங்கள் உங்கட நோட்டீஸில இருக்கிற வீதத்தைப் போட்டுப் பாருங்கோ. 240,000க்கு வருசம் 48,000, 165,000க்கு 33,000. வித்தியாசம் 15,000. வியாபார வீதம் போய் வீட்டு வீதம் வந்தா இன்னும் குறையும். அடுத்த மதிப்பீடு வரும் மட்டும் ஒவ்வொரு வருசமும் இந்த வித்தியாசம் மிச்சம், அது கொழும்பில சில வேளை கன வருசம். அந்தத் தொகையைச் சட்டத்தரணியின்ர ஃபீஸோடயும் வழக்கு இழுபடுற காலத்தோடயும் வைச்சுப் பாருங்கோ. என்ர அபிப்பிராயம், உங்களுக்கு விசாரணையிலயே முக்கால்வாசி கிடைக்கும், கோர்ட் வரைக்கும் போகத் தேவை வராது.

கட்டாமல் விட்டா என்ன செய்வினம் எண்டு கேட்டீங்கள். வாறண்ட் போடுவினம், அதுக்கு மேலதிகச் செலவும் உங்கட தலையில, வீட்டுச் சாமான் பறிமுதல் செய்யிறதுக்கும் சட்டத்தில இடம் இருக்கு. நிலுவை கிடந்தா நாளைக்கு வீட்டை விக்கவோ பாங்கில ஈடு வைக்கவோ சபையில எடுக்கிற கடுதாசியள் ஒண்டும் அசையாது. ஆட்சேபனை போட்டிருக்கிறன் எண்டு கட்டாமல் இருக்கிறது வீரம் இல்லை. காலாண்டுக்கு வாற தொகையைக் கட்டிக்கொண்டே எதிர்த்து நில்லுங்கோ. கட்டேக்க "ஆட்சேபனைக்கு உட்பட்டுக் கட்டுறம்" எண்டு ஒரு வரி எழுதிக் குடுத்துக் கொப்பி வையுங்கோ, குறைச்சா கூடக் கட்டினதை வாற காலாண்டுகளில கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதோட ஒரு வருசத் தொகை முழுக்க ஜனவரி 31க்கு முதல் கட்டினா 10 வீதம் கழிவு, காலாண்டுக்குக் காலாண்டு முதல் மாசத்துக்குள்ள கட்டினா 5 வீதம். அம்மாவின்ர பென்சனுக்கு அந்தக் கழிவும் காசுதானே.

விசாரணைக்குக் கூப்பிட்டா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, ஆனா அழ விடாதேங்கோ. பென்சன் கதையைத் தொடங்கினா உத்தியோகத்தர் பாவம் எண்டு தலையாட்டிக்கொண்டு இருப்பார், நேரம் முடிஞ்சிடும், மொட்டை மாடிக் கதைக்கு வரவே மாட்டீங்கள். அளவுத் தாள், பிளான், போட்டோ, கரண்ட் பில், கிராம சேவகர் கடிதம், இந்த ஒழுங்கில அடுக்கி ஒண்டொண்டா மேசையில வையுங்கோ. திரும்ப வீடு பார்க்க வாறம் எண்டா அது நல்ல செய்தி, நாளைக் கேட்டுக் குறிச்சு அண்டைக்கு ஒருத்தராவது வீட்டில நில்லுங்கோ.

அப்பாவின்ர பேர் கதை ஆட்சேபனைக்குத் தடை இல்லை. அந்த வீட்டில குடியிருக்கிறவ, உரிமையாளரின்ர மனைவி எண்டு சொல்லி அம்மா கையெழுத்து வைக்கலாம், அப்பாவின்ர மரணச் சான்றிதழ் கொப்பியைச் சேருங்கோ. ஆனா பில்லில பேரை மாத்துறது வேற வேலை, அதுக்கு உறுதி முதல்ல அம்மாவின்ர இல்லாட்டி உங்கட பேருக்கு வர வேணும், அண்ணாவுக்கும் பங்கு இருக்கு எண்டால் கனடாவில இருந்து அவர் அற்றோர்ணித் தத்துவம் (தனக்காக இன்னொருத்தர் கையெழுத்து வைக்கலாம் எண்ட அதிகாரப் பத்திரம்) அனுப்ப வேண்டி வரும். சில பேர் நினைக்கிற மாதிரி சோலைவரி பில் ஆற்ற பேரில வருதோ அவருக்குத்தான் வீடு எண்டு இல்லை, சொந்தத்துக்கு உறுதிதான் கணக்கு. அதை ஆட்சேபனையோட சேர்த்துக் குழப்பாமல், இது முடிஞ்ச பிறகு ஒரு நொத்தாரிசிட்டப் போய்க் கதையுங்கோ.